கவைப் பூட்டு மாற்றிய பாடம்

இச்சிறப்பு மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மை அணுகியபோது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியப் பொருளொன்றையே எடுத்துக்கொள்வோமென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். முதலில் நாமும் அவ்வாறே எண்ணினோம். ஆயினும், அண்மைக்காலத்தில் நாம் கற்றவற்றுள் எம் உயிரோடு தொடர்புடைய பாடம் எதுவென நினைத்துப் பார்த்தபோது, பழைய மோட்டார்ச் சைக்கிளொன்றின் பூட்டை மாற்றிய செய்தியே முன்வந்து நின்றது. எமக்குக் கற்பித்தவர் எம்மிடமே கற்ற மாணவர் ஒருவர் என்பதும் இதனை இங்கு எழுதத் துணிந்தமைக்கு ஒரு காரணமாம்.

பழைய மாணவருள்ளும் ஆசிரியருள்ளும் பழைய வண்டி வைத்திருப்போர் இன்று பலர். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே வழி மீளத் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், பழைய இரும்புக்காரரை எதிர்நோக்கி மூலையிற் கிடந்த வண்டிகளெல்லாம் வண்ணம் பூசி மாப்பிள்ளைக் கோலம் கொண்டன. இவற்றுட் பலவற்றில் இயந்திரம் செவ்வனே ஓடும், விளக்கு எரியும், பூட்டு மட்டும் பழுதாயிருக்கும். பூட்டுப் பழுதானால் வண்டி ஓடாமற் போவதில்லையாதலின் எவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. நாமும் பொருட்படுத்தவில்லை.

பெயரும் அமைப்பும்

முன்சக்கரத்தின் இருமருங்கும் நின்று அதனைத் தாங்கும் இரு குழாய்களையும் சேர்த்து ஆங்கிலேயர் முட்கரண்டியின் பெயரால் வழங்குவர். தமிழில் இரண்டாகப் பிரிந்த கொப்பிற்குக் கவை என்பது பெயர். பிள்ளைகள் கெற்றப்போல் செய்ய வெட்டும் கொப்பும் கவையே. அக்குழாய்களை மேலும் கீழும் குறுக்கே இணைத்து நிற்கும் பாளங்கள் இரண்டு. எருதுகள் இரண்டை இணைக்கும் நுகத்தை ஒத்தலின் அவற்றை மேல்நுகம், கீழ்நுகம் என்போம். ஆங்கிலேயரும் நுகமென்னும் பொருள்படவே அவற்றை அழைக்கின்றனர். இரு நுகங்களுக்கும் நடுவே செல்லும் தண்டு, வண்டிச் சட்டத்தின் தலைப்பிலுள்ள குழாயினுள் உருக்குக் குண்டுகளைப் பற்றிக்கொண்டு சுழலும். அதனைத் தலைக்குழாய் எனக் கொள்க.

நாம் பேசப் புகுந்த பூட்டு பெரும்பாலும் கீழ்நுகத்தில் உள்ளது. கராச்சில் இதனை ‘ஹாண்டில் லொக்’ என்பர். அங்கே சென்று கவைப் பூட்டு என்றால் எம்மை ஏற இறங்கப் பார்ப்பர். பூட்டு என்னும் சொல்லோ பழமையானது. எருதை நுகத்திற் பூட்டுவோம், வில்லில் நாணைப் பூட்டுவோம், கழுத்தில் அணியைப் பூட்டுவோம். அடைத்தல் என்பதினும் பொருத்துதல் என்பதே அதன் முதற் பொருள். நுகத்தில் அமைந்து, அசையும் உறுப்பை அசையா உறுப்போடு பொருத்திவிடும் இக்கருவிக்கு இதனினும் ஏற்ற பெயர் வேறில்லை.

பூட்டைத் திறக்கும் கருவியைத் தமிழ்நாட்டார் சாவி என்பர். அது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல் என்று பறங்கியர் சொற்களைத் தாராளமாய் வாங்கிக்கொண்ட ஈழத்தார், அவர்கள் கோட்டை கட்டியிருந்த கொழும்பிலுங்கூடச் சாவியை வாங்காது, திற என்னும் வினையிலிருந்து திறப்பு என்னும் பெயரை ஆக்கி வழங்குதல் எமக்கு என்றும் வியப்பே. மாணவர் சாவி என்றெழுதினால் நாம் பிழையெனக் கீறுவதில்லை. திறப்பு என்றெழுதினால் உள்ளூர மகிழ்வதுண்டு.

இனி அது தொழிற்படும் முறையைக் காண்போம். பூட்டின் உடல் ஒரு சிறிய உலோக உருளை. அதனுள்ளே சுழலத்தக்கதாய் இன்னோர் உருளை. அதனோடு இணைந்து உருக்கினாலாய தாழ். கைபிடியை ஒருபுறம் முழுவதும் திருப்பி, திறப்பை இட்டுச் சுழற்றி அழுத்தினால், தாழ் முன்னேறிச் சென்று தலைக்குழாயின் அடியிலுள்ள குழியிற் பொருந்தும். அதன்பின் கைபிடி நேர்வராது. சக்கரம் உருளும், வண்டி வழிச்செல்லாது. தள்ளினால் செக்குமாடுபோல ஒரே வட்டத்தைச் சுற்றும்.

உள்ளுருளையைச் சுழலவிடாது தடுப்பவை மெல்லிய பித்தளைத் தகடுகள். அவை வரிசையாய் நிற்கும். ஒவ்வொன்றையும் மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். திறப்பு இல்லாதபோது தகடுகளின் விளிம்பு வெளியுருளையின் பள்ளத்தில் மாட்டி நிற்கும். உரிய திறப்பு உட்புகுந்ததும், அதன் பற்களின் ஏற்றத்தாழ்வு ஒவ்வொரு தகட்டையும் தத்தம் அளவில் உள்வாங்கிச் சமன்செய்யும். ஒரு தகடு சிறிதளவு நீண்டு நின்றாலும் உள்ளுருளை அசையாது. வகுப்பில் இருபத்தொன்பது பேர் அமைதியாயிருக்க ஒருவன் எழுந்து நின்றாற் பாடம் நின்றுவிடுவது போன்றது இது. அமெரிக்கரான லைனஸ் யேல் 1861 ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற ஊசிப் பூட்டு எம் வீட்டுக் கதவுகளில் உள்ளது. தகட்டுப் பூட்டு அதற்கு உறவான எளிய சாதி.

எமது வண்டியின் வரலாறு

எமது வண்டி தொண்ணூறு கன சென்ரிமீற்றர் ஹொண்டா. எம் தந்தையார் 1969 ஆம் ஆண்டில் வாங்கியது. ‘ஸ்ரீ’ எழுத்துப் பொறித்த பழைய இலக்கத் தகட்டை இன்றும் உடையது. இயந்திரத்துக்கு ஒரு திறப்பும் கவைப் பூட்டுக்கு வேறொரு சிறு திறப்பும் அதற்கு இருந்தன. பெரிய திறப்பை வீட்டுத் திறப்போடு ஒரே வளையத்திலும், சிறியதைப் பணப்பையிலும் வைத்திருப்பது தந்தையாரின் வழக்கம். முகத்துவாரத்திற் கடலோசை கேட்கும் ஓர் ஒழுங்கையில் எம் வீடு இருந்தது. இரவுதோறும் கைபிடியை இடப்புறம் திருப்பிப் பூட்டியபின்னரே அவர் உண்ண அமர்வார் என்று தாயார் கூறுவர்.

1983 ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின்போது நாம் தாயாரின் இடுப்பிலிருந்த குழந்தை. பின்வருவன யாவும் கேட்டறிந்தவை. வீட்டைவிட்டு ஓடியபோது வண்டி பூட்டியபடியே முற்றத்தில் நின்றது. வந்தவர்கள் பொருள்களை எடுத்தனர், வீட்டுக்குத் தீயிட்டனர், வண்டியையும் ஒழுங்கைக்கு இழுத்தனர். அது நேரே செல்லவில்லை. இரண்டு முறை வட்டமிட்டு மதிலில் மோதிற்று. மூன்றாம் முறை கானுக்குள் விழுந்தது. அவர்களுக்குப் பொழுதில்லை, விட்டுச் சென்றனர். அன்றிரவு, அயலில் வாழ்ந்த சிங்கள மீனவர் ஒருவரும் அவர் மகனும், மீன்பெட்டி ஏற்றும் கைவண்டியில் அதன் முன்சக்கரத்தைத் தூக்கி வைத்துத் தள்ளிச் சென்று, தம் வளவில் வலைகளின் கீழ் மறைத்து வைத்தனர்.

எம் குடும்பம் அகதி முகாமில் இருந்து, பின்னர்க் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியது. இடையில் எங்கோ தந்தையாரின் பணப்பை தொலைந்தது. சட்டைப்பையிலிருந்த வளையம் தொலையவில்லை. வீடு எரிந்துவிட்டது, வீட்டுத் திறப்பு இருந்தது. வண்டி இருந்தது, அதன் பூட்டைத் திறக்கும் திறப்பு இல்லை.

மறு ஆண்டு தந்தையார் பணிக்கு மீண்டபோது அம்மீனவர் வண்டியை ஒப்படைத்தார். “மாஸ்டர், ரயர் இரண்டும் காத்துப் போயிட்டுது, குறை நினைக்க வேண்டாம்” என்றாராம். அதனைச் சொல்லும்போதெல்லாம் தந்தையாரின் குரல் தடுமாறியதை நாம் அறிவோம்.

சிறிய பூட்டொன்றால் ஆவது என்ன என்று வினவுவார்க்கு எம் வீட்டுக் கதை ஒன்றே போதாது. உலகத்துச் செய்திகள் இரண்டைக் கூறுவோம். இலண்டனில் ஜோசப் பிராமா என்பாரின் நிறுவனத்தார், தம் பூட்டைத் திறப்பின்றித் திறப்பவருக்கு 200 கினி தருவதாக அறிவித்து, அதனைக் கடை யன்னலில் வைத்திருந்தனர். அறுபது ஆண்டுகளாக எவராலும் இயலவில்லை. 1851 ஆம் ஆண்டு ஏ. சி. ஹொப்ஸ் என்னும் அமெரிக்கர் அதனைத் திறந்தார். பதினாறு நாட்களிற் பகுதி பகுதியாக 51 மணித்தியாலம் உழைத்தே அவர் அதனைச் சாதித்தார். ஆகவே, திறக்கமுடியாத பூட்டு உலகில் இல்லை. பூட்டு வாங்கித் தருவது காலத்தை.

இரண்டாவது செய்தி மோட்டார்ச் சைக்கிள் பற்றியது. மேற்கு ஜெர்மனியில் தலைக்கவசம் அணியாது செல்வோருக்கு 1980 ஆம் ஆண்டில் உடன் தண்டம் விதிக்கத் தொடங்கினர். திருட்டைத் தடுப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று. எனினும் அவ்வாண்டில் 153,153 ஆக இருந்த மோட்டார்ச் சைக்கிள் திருட்டு, 1986 ஆம் ஆண்டில் 54,208 ஆகக் குறைந்தது. காரணம் எளிது. வழியில் ஒரு வண்டியைக் கண்டு மனந்தடுமாறுபவன் கையிற் கவசத்தோடு திரிவதில்லை. வெறுந்தலையோடு ஏறிச் சென்றால் அகப்படுவான். திருடர் எல்லோரும் தேர்ந்த தொழிலாளர் அல்லர். பெரும்பாலோர் தடையொன்று குறுக்கிட்டால் விலகிச் செல்பவரே. எம் தந்தையாரின் வண்டியைக் காத்ததும் அத்தகைய தடைதான்.

பூட்டு எம்மை வீழ்த்தியமை

இத்துணை புகழ்ந்தபின் அதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். 1984 ஆம் ஆண்டில் திறப்பில்லாத அப்பூட்டைத் திறப்பித்தவர் சுத்தியலும் உளியும் கொண்டே திறந்தார். உள்ளுருளை உடைந்தது, தாழ் பின்னே தள்ளப்பட்டது, கைபிடி நேர்வந்தது. அன்றைய நிலையில் அதுவே பெரிதாயிருந்தது. உடைந்த பூட்டைக் கழற்றி எடுக்கவேண்டுமென்று எவரும் எண்ணவில்லை. தந்தையார் அவ்வண்டியிற் பல்லாண்டு சென்றார். அவர் முதுமையெய்தியபின் அது சீலையின் கீழ் நின்றது.

2022 ஆம் ஆண்டில் எரிபொருட் பஞ்சம் வந்தது. மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கிட்டபோது, குறைவாய்க் குடிக்கும் வண்டியே சிறந்த வண்டியாயிற்று. நாம் சீலையை நீக்கி, இயந்திரத்தைத் திருத்தி, தடுப்பிகளையும் ரயர்களையும் புதுக்கி அதனை ஓட்டலானோம். பூட்டை நோக்கினோமல்லோம். அதன் வாய் கறுப்பு மசகில் மறைந்திருந்தது.

அடுத்த ஆண்டு, பாடசாலை விட்டபின் ஒருநாள், கொட்டாஞ்சேனையில் ஒடுக்கமான ஒரு வீதியில் வண்டியைத் திருப்பினோம். கைபிடி இடப்புறம் முழுவதும் சென்று நின்றது; மீளவில்லை. பற்றி இழுத்தோம், அசையவில்லை. நடந்து செல்பவரின் வேகமே வண்டிக்கு இருந்தது. ஆயினும் நேராக்க முடியாத இருசக்கர வண்டி நிற்கமாட்டாது. வீதியில் விழுந்தோம், இடது மணிக்கட்டு முறிந்தது. மாணவரின் விடைத்தாள்கள் தெருவெங்கும் பறந்தன. பின்னே வந்த முச்சக்கர வண்டி ஒரு முழத் தொலைவில் நின்றது. வழக்கமாய்ப் பின்னிருக்கையில் வரும் எம் மகள் அன்று காய்ச்சலால் பாடசாலைக்கு வரவில்லை.

வண்டியைப் பார்வையிட்ட பழைய மாணவர், பத்தாந் தரத்தில் எம்மிடம் தமிழ் கற்றவர், இன்று கராச்சு நடத்துபவர். கீழ்நுகத்தைத் துடைத்து, மின்சூளை அடித்துப் பார்த்து, “சேர், முப்பத்தொன்பது வருசமா இது உள்ளுக்கே கிடந்திருக்கு. கழட்டாம விட்டதுதான் பிழை” என்றார். தமிழ்ப் பாடத்தில் அவருக்கு நாம் இட்ட புள்ளிகள் உயர்ந்தவையல்ல. அன்று அவர் எமக்கு இட்டது பூச்சியம்.

நிகழ்ந்தது இதுவே. தாழைப் பின்னே பிடித்து நிறுத்தவேண்டிய உள்ளுருளை உடைந்திருந்தமையால், துருவும் மசகுமே தாழை இத்தனை காலம் இறுகப் பிடித்திருந்தன. நாம் வண்டியைக் கழுவித் துப்புரவாக்கியதும் அப்பிடி தளர்ந்தது. வண்டியின் அதிர்வில் தாழ் சிறிது சிறிதாக முன்னேறிற்று. வேகமாகச் செல்லும்போது கைபிடி சில பாகையே அசையுமாதலின் தாழுக்கு எதிரே குழி வருவதில்லை. மெல்லச் சென்று முழுதும் திருப்பும்போதுதான் குழி எதிர்ப்படும். தாழ் அதனுள் வீழும். பழைய வண்டியொன்றை ஒடுக்கமான ஒழுங்கையில் திருப்புகின்ற அந்நேரமே இடருக்குரியது. பூட்டில்லாத வண்டி திருடனுக்கே வாய்ப்பு. உடைந்த பூட்டுள்ள வண்டியோ உரியவருக்கே ஆபத்து. ஆதலின், பழைய வண்டி வாங்குவோர் பூட்டு முழுமையாய் இயங்குகின்றதா என்று பார்க்க. இயங்காதாயின் அதனை முழுமையாய் அகற்றுக. புதியது பின்னர் பொருத்தினும் ஆம். உடைந்ததை உள்ளே விடல் ஆகாது.

மாற்றும் முறை

முதலாவது வேலை கருவியால் ஆவதன்று. வண்டியின் பதிவுப் புத்தகத்தை எடுத்து, அதிலுள்ள அடிச்சட்ட இலக்கமும் இயந்திர இலக்கமும் வண்டியிற் பொறிக்கப்பட்டவற்றோடு ஒத்துள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். திறப்பில்லாமல் விற்பனைக்கு வரும் வண்டிக்கு எப்போதும் ஒரு கதை இருக்கும். எம் வண்டிக்கும் இருந்ததன்றோ! கதையை நம்பலாம், இலக்கத்தைப் பார்த்தபின். எம் மாணவரின் கராச்சில் புத்தகமின்றி எவர் வந்தாலும் பூட்டிற் கை வைப்பதில்லை என்பது விதி.

வண்டியைச் சமதரையில் நடுத்தாங்கியில் நிறுத்தி, பெற்றோல் குழாயைப் பூட்டிவிடுக. கீழ்நுகத்தை மண்ணெண்ணெயிட்டுத் தூரிகையாற் கழுவினால், பூட்டை எது பிடித்திருக்கிறதென்பது தெரியவரும். இது வண்டிக்கு வண்டி வேறுபடும். சிலவற்றிற் சிறு தகடொன்று திருகாணியாற் பொருத்தப்பட்டிருக்கும். சிலவற்றில் தலையற்ற திருகாணியொன்று பக்கவாட்டில் மறைந்திருக்கும். சிலவற்றில் முளையொன்று அடித்திறுக்கப்பட்டிருக்கும். எமது வண்டியில் இருந்தது தகடும் திருகாணியும். கடற்காற்று வீசும் முகத்துவாரத்தில் அரை நூற்றாண்டு நின்ற திருகாணி எளிதில் வருமா? துரு இளக்கும் எண்ணெயை மாலையில் இட்டு, காலையில் இட்டு, மறுநாளும் இட்டு, மூன்றாம் நாளே கழற்ற முயன்றோம். அவசரப்பட்டுத் திருப்பினால் தலை வழுகிவிடும். பின்னர் துளையிடுவதன்றி வேறு வழியில்லை. திருகாணியை முதலிற் சிறிது இறுக்கும் திசையில் அசைத்துத் துருவின் பிடியை உடைத்து, அதன்பின்னரே கழற்றும் திசையில் திருப்புக என்பது எம் மாணவர் சொல்லித் தந்த நுட்பம்.

திறப்பு இருந்தால், அதனை இட்டுத் தாழைப் பின்வாங்கி உருளையை வெளியே இழுத்துவிடலாம். திறப்பில்லாத, உடைந்த பூட்டைத் துளையிட்டே எடுக்கவேண்டும். இப்பகுதியை வேண்டுமென்றே சுருக்குகின்றோம். இம்மலர் யார் கையிற் சேருமென்பதை நாம் அறியோம். தேர்ந்த கைவினைஞரிடம் ஒப்படைத்தலே தக்கது. ஒன்று மட்டும் கூறுவோம். துளையிடும்போது உதிரும் உலோகத்தூள் மேலேறித் தலைக்குழாயின் உருக்குக் குண்டுகளிடையே புகுந்தால், பூட்டினால் வந்த கேட்டினும் பெருங்கேடாகும். மசகு தோய்த்த சீலையால் அவ்விடத்தை இறுகச் சுற்றியபின்னரே துளைகருவி இயங்கவேண்டும்.

வெளிவந்த பழைய பூட்டின் உடல் வெண்ணிறத் தூள் பூத்திருந்தது. அது துத்தநாகக் கலப்பு உலோகத்தின் அரிப்பு. தாழோ உருக்கு, ஆதலின் அதிற் செந்துரு. இரண்டும் உப்புக் காற்றின் வேலை.

புதிய பூட்டைத் தேடிப் பஞ்சிகாவத்தைக்குச் சென்றோம். மருதானைப் பக்கத்தில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நெருங்கி நிற்கும் அத்தெருவைக் கொழும்பில் அறியாதார் இலர். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகியிருந்த காலத்தில் இல்லாத பாகத்தைக் கையாற் செய்தும், ஒரு வண்டியின் உறுப்பை மற்றொன்றிற் பொருத்தியும் ஓட்டிப் பழகிய நாடு இது. பஞ்சிகாவத்தையிற் கேளாத பொருளே இல்லை. ஆனால் வாங்குபவர் அளவோடு செல்லவேண்டும். “இது அதுக்குப் பொருந்தும்” என்னும் சொல்லை நம்பி வாங்கிய முதற் பூட்டு எமக்குப் பொருந்தவில்லை. இரண்டாம் முறை கல்லூரிப் பௌதிகவியல் ஆய்வுகூடத்திலிருந்து வேணியர் இடுக்கிமானியை இரவல் வாங்கிச் சென்றோம். ஆய்வுகூட ஆசிரியர் எதற்கென வினவ, இலக்கண ஆராய்ச்சிக்கு என்றோம்.

அளக்கவேண்டியவை நான்கு. உருளையின் விட்டம், அதன் நீளம், தாழின் தடிப்பு, தாழ் வெளியே நீளும் தூரம். இவற்றுட் கடைசியானதே உயிர்நிலை. உள்வாங்கிய நிலையில் தாழின் நுனி நுகத்தின் முகத்துக்குள் அடங்கியிருத்தல் வேண்டும். ஒரு மில்லிமீற்றர் வெளியே நின்றாலும் அந்தப் பூட்டு வேண்டாம். நீட்டிய நிலையிற் குழியினுள் நன்கு ஆழச் செல்லவேண்டும். விளிம்பில் மட்டும் பற்றினால் பலமாக இழுத்தபோது வழுகிவிடும்.

தாழ் குழியின் நேரே வருகின்றதா என்பதை அறிய, அதன் நுனியில் விளக்குக் கரியைத் தடவி மெல்ல அழுத்துக. கரி பதிந்த இடம் வழுவைக் காட்டும். எமது புதிய தாழ் குழியின் ஓரத்தை இடித்தது. குழியைச் சற்று அராவிப் பெருப்பிக்கலாமே என்றோம். மாணவர் உடன்படவில்லை. “சேர், தாழ் தேஞ்சா இன்னொண்டு வாங்கலாம். தலைக்குழாய் வெடிச்சா வண்டியே இல்ல” என்றார். சட்டத்தின் தலைப்பே முன்சக்கரத்தின் அதிர்ச்சி முழுவதையும் தாங்கும் இடம். அதில் உலோகத்தைக் குறைத்தலும், அதனருகே ஒட்டுவேலை செய்தலும் ஆகாதன. ஆகவே தாழின் நுனியையே அரத்தால் மெல்ல உருட்டினோம். அரை நாள் சென்றது. கட்டுப் போட்டிருந்த கை ஆறிச் சில வாரங்களே ஆகியிருந்தமையால், அராவியவர் பெரும்பாலும் அவரே. நாம் விளக்குப் பிடித்தோம்.

பொருத்துமுன் குழியைத் துடைத்து, சுவரில் மட்டும் மெல்லிய மசகு பூசுக. திருகாணியைப் பழையதை இடாது புதியதாக இட்டு, அதிர்விற் கழலாதிருக்கப் பிடிப்புப் பசை ஒரு துளி வைத்து இறுக்குக. பூட்டைக் காக்கும் திருகாணி கழன்று விழுதல் பெரும்பாலும் இப்பசையை இரண்டொரு ரூபாய்க்காக மறந்ததால் நிகழ்வது.

இனிப் பரீட்சை. இதனை எத்துணை முறை செய்தாலும் மிகையன்று. திறப்பை எடுத்துவிட்டு, முன்சக்கரத்தை நிலத்தினின்றும் உயர்த்தி, கைபிடியை இடக்கோடி முதல் வலக்கோடி வரை மெல்லத் திருப்புக. எவ்விடத்திலும் உராய்வோ தடக்கலோ இருத்தல் கூடாது. கைபிடியை இடக்கோடியில் நிறுத்தி, கீழ்நுகத்தை மரச்சுத்தியலால் பலமுறை தட்டுக. வண்டியின் அதிர்வுக்கு இது ஈடு. தட்டியபின் கைபிடி தடையின்றி மீளவேண்டும். கம்பிவடங்களும் மின்கம்பிகளும் பூட்டின் அருகே நசியாதிருத்தலையும் பார்க்க. நாம் முதல் வாரம் முழுவதும் மாலைதோறும் முற்றத்தில் இச்சோதனையைச் செய்தோம். அயலார் என்ன நினைத்தனரோ அறியோம்.

எண்ணெய் பற்றி ஒன்று. எம்மவர் வீடுகளில் கதவுப் பிணைச்சல் முதல் தையல் இயந்திரம் வரை எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெயே மருந்து. பூட்டுக்கு அது நஞ்சு. நாளடைவிற் பிசின்போலத் தடித்து, கடற்கரை மணற்பொடியைப் பிடித்து, தகடுகளின் சுருள்வில்லை அசையவிடாது செய்துவிடும். பென்சிற் கரியைச் சுரண்டித் திறப்பின் பற்களில் தடவி, உள்ளே இட்டு இரண்டு மூன்று முறை திருப்பினாற் போதும். தாழின் நுனிக்கு மட்டும் மெல்லிய இயந்திர எண்ணெய்.

புதிய பூட்டோடு திறப்புகள் இரண்டு வரும். திறப்பிற் பொறித்த இலக்கத்தை வேறிடத்தில் எழுதி வைத்தல் நன்று. ஒன்றை எம்மிடம் வைத்துக்கொண்டு, மற்றதைத் தாயாரிடம் கொடுத்தோம். அவர் அலுமாரியைத் திறந்து, தந்தையாரின் பழைய வளையத்தை எடுத்து, எரிந்த வீட்டின் திறப்போடு அதனையும் கோத்து வைத்தார்.

அகற்றிய பழைய பூட்டை எம் மாணவர் நெடுக்காக இரண்டாய் அறுத்துத் தந்தார். பித்தளைத் தகடுகளும், உடைந்த உள்ளுருளையும், வில்களிடையே கெட்டிப்பட்ட மணலும் அதிற் தெளிவாய்த் தெரிகின்றன. அதனைப் பௌதிகவியல் ஆய்வுகூடத்தின் கண்ணாடி அலுமாரியில், இடுக்கிமானிக்கு அருகே வைத்துள்ளோம். பார்க்க விரும்பும் மாணவரும் பழைய மாணவரும் பாடவேளை முடிந்தபின் எம்மைக் கேட்கலாம். அலுமாரியின் திறப்பு எம்மிடம் உண்டு.